பதிமூன்றாம் வசனத்தோடு பதினான்கையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டுக் கூடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், எந்த வசனத்துக்கு மவுசு அதிகம் என்று தெரிந்துவிடும். செந்தூல் பிளாட்டோ கிள்ளான் தரைவீடோ, நாள்காட்டியிலும் சுவர்க்கடிகாரத்திலும் மைலோ கலக்குகிற குவளையிலும் அதே வரிதான்: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பைபிளில் பிலிப்பியர் 4:13. விடிந்ததும் கைப்பேசியில் வந்து விழுகிற சூரியோதயப் படத்திலும் அதுவே. ஞாயிற்றுப் பதிப்பின் ஆன்மிகப் பக்கத்தில் துன்ப காலத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறார்கள். வசனத்தில் பிழை இல்லை. அதை எங்கே வெட்டினோம் என்பதில்தான் பிழை.

வீடுகளையும் மருத்துவமனை வார்டுகளையும் சந்திக்கிற ஊழியத்தில் இருப்பவர்கள் நாங்கள். கத்தோலிக்கரும் மெதடிஸ்டும் லுத்தரனும் பெந்தெகொஸ்தேயும் கலந்த குழு. கடவுளைச் சார்ந்து நிற்பது என்று நம் சபைகளில் சொல்லப்படுவது, கஷ்டத்தில் இருப்பவரின் காதில் எப்படி விழுகிறது என்பதைப் பற்றியே இந்தக் கடிதம்.

அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி சபைக்கு அந்த வரியை எழுதியபோது காவலில் இருந்தார். அந்தக் காலத்து ரோமக் காவலில் இருப்பவனுக்கு வேளாவேளைக்குச் சோறு வந்துவிடாது. வெளியே இருக்கிற வேண்டியவர்கள் கொண்டுவந்து கொடுப்பதை நம்பித்தான் பெரும்பாலும் பிழைக்க வேண்டும். பிலிப்பி சபையார் உதவி திரட்டி எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் கொடுத்தனுப்பினார்கள். அந்த வேலையில் அவர் நோய்ப்பட்டுச் சாவின் விளிம்புவரை போய்வந்தார் என்பது இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. நான்காம் அதிகாரத்தின் பின்பாதி அந்த உதவிக்கு எழுதிய நன்றி. "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று 12-இல் சொல்லிவிட்டுத்தான் 13-இல் "எல்லாவற்றையும்" என்கிறார். அந்த எல்லாவற்றிலும் பட்டினி இருக்கிறது. நாம் அதைப் பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வுக்கும் பதவி உயர்வுக்கும் ஒட்டவைத்துக்கொண்டோம்.

அடுத்த வசனத்தை எந்தக் குவளையிலும் பார்க்க முடியாது. ஆனாலும் என் துன்பத்தில் நீங்கள் பங்கெடுத்துக்கொண்டது நல்லது என்பது 14-ஆம் வசனத்தின் பொருள். எனக்குப் பெலனுண்டு என்றவர் மறுமூச்சிலேயே, நீங்கள் அனுப்பியது வந்து சேர்ந்தது என்கிறார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. நமக்குத்தான் தெரிகிறது.

வேலை போன ஒருவரிடம் "கர்த்தரைச் சார்ந்திருங்கள் பிரதர்" என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனால், "எங்களிடம் வந்து நிற்காதே" என்றும் அது கேட்கும். அதோடு, உதவி கேட்பது விசுவாசக் குறைவு என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்ளும். காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்ற ஏசாயா 40:31-ஐப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார். வேலைக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் சொக்சோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனுச் செய்ய, வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம். கர்த்தர் கதவைத் திறப்பார் என்று மூன்று மாதம் ஜெபித்துக் காத்திருப்பவர், திறந்திருந்த கதவு மூடுவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். ஆட்குறைப்பில் போன வேலைக்கு இந்தத் திட்டத்தில் உதவி உண்டு. தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவருக்குப் பொதுவாகக் கிடையாது. "சமாதானமாகப் போய்விடுகிறேன்" என்று முதலாளி நீட்டிய ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போடுகிற நம் ஆட்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேதத்திலேயே இதற்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது, 1 இராஜாக்கள் 19. ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி எலியா பெயெர்செபாவில் தன் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் வழி தனியே போகிறார். முதலில் செய்த காரியமே கூட இருந்தவனை விட்டதுதான். மனம் உடைந்தவர்கள் இன்றும் முதலில் செய்வது அதுவே: வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுவார்கள், கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டினான். சாப்பிட்டார், மறுபடியும் படுத்துத் தூங்கினார். அதற்கும் திட்டு இல்லை. இரண்டாம் தரமும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வியே நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. அந்த அதிகாரம் முடியும்போது எலியாவுக்குப் பணிவிடை செய்ய எலிசா வந்துவிடுகிறார்.

இந்த வரிசையை மாற்றினால் காரியம் கெடும். மூன்று இரவு தூங்காதவரை முழு இரவு ஜெபத்துக்கு அழைப்பது, இரண்டு நாள் சாப்பிடாதவரிடம் உபவாசம் பற்றிப் பேசுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். சோர்ந்திருப்பவரைப் பார்க்கப் போனால் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா, அதை நிறுத்தினீர்களா. வேதப்புத்தகத்தைத் திறப்பது அதற்கப்புறம்.

உபவாசம் என்றதும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று. நம் வீடுகளில் இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லாத குடும்பம் அபூர்வம். இன்சுலின் போடுகிறவரும், சீனி அளவை இறக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் தொடர்ந்தால், அளவு கிடுகிடுவென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஜெபக் கூட்டத்தில் இதைப் பார்த்துப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று நினைத்துவிடக் கூடாது. நினைவு இருக்கிறவரையில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து இரத்தச் சீனியை மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழைக்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. நாற்பது நாள் கைப்பேசியைத் தூர வைப்பதும் உபவாசம்தான். பலருக்கு அதுதான் கஷ்டமான உபவாசம்.

இனி ஜெபத்துக்கு வருவோம். எப்படி ஜெபிப்பது என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு நாங்கள் கையில் கொடுப்பது 13-ஆம் சங்கீதம் (கத்தோலிக்கருக்குத் திருப்பாடல் 13). ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு தடவை வருகிறது. எதுவரைக்கும் மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர் என்று கடவுளையே பார்த்துக் கேட்கிறது. நடு இரண்டு வசனங்கள் கேட்கவேண்டியதைக் கேட்கின்றன. கடைசி இரண்டு, நம்பிக்கையைச் சொல்லி முடிக்கின்றன. ஒரு தாளை எடுத்து அதே மூன்று பாகமாக எழுதலாம். மேலே குறையை எழுதுங்கள், மழுப்பாமல். நடுவில் ஒரே ஒரு வேண்டுதல், அதுவும் ஒரு நாள் அளவுக்கு. "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று எழுதாதீர்கள். "நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்கேன், அந்த அறைக்குள் போக எனக்குத் தைரியம் வேண்டும்" என்று எழுதுங்கள். அடியில், முன்பு எப்போதோ காப்பாற்றப்பட்ட ஒரு நாளின் பெயர். பத்து நிமிட வேலை. கைப்பேசியைத் தொடுவதற்கு முன்பு செய்தால் நல்லது. அதே சங்கீதத்தை ஏழு நாள் வாய்விட்டு வாசியுங்கள். நாளொன்றுக்கு மூன்று அதிகாரம் என்ற திட்டமெல்லாம் சுகமாக இருக்கிற நாள்களுக்கு.

பெரும்பாலானோர் தடுக்கி விழுவது முதல் பாகத்தில். கடவுளிடம் குறை சொல்லலாமா என்று பயப்படுகிறார்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் விடியாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் எடுத்துப் போடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். சிலுவையில் தொங்கியவரும் 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் சத்தமிட்டுச் சொன்னார். நம் ஆராதனைகளில் புலம்பல் சங்கீதம் வாசிக்கிற பழக்கம் குறைந்துவிட்டது. பாட்டு எல்லாம் வெற்றிப் பாட்டு. நேற்றுத்தான் பிள்ளையைப் புதைத்த தாய் அந்த வரிசையில் நின்று எதைப் பாடுவாள்?

ஒரு நாள் அளவு என்றோமே, அதற்குக் காரணம் யாத்திராகமம் 16. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா தலைக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ இரண்டு லிட்டர் கொள்ளும் அளவு. விடியும்வரை மீத்து வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டை. ஆறு மாதக் கீமோதெரபிக்கு வேண்டிய பெலனை முதல் ஊசிக்கு முந்தின இரவே கேட்டு, அது கையில் வரவில்லையே என்று கலங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். பெலன் மொத்தக் கொள்முதலில் வராது.

சொந்தமாக ஜெபிக்கவே முடியாத நிலையும் உண்டு. அப்போது "விசுவாசம் வேண்டும்" என்று அவரையே நெருக்குவது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வது. கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை நான்கு பேர் இறக்கினார்களே, மாற்கு 2:5 என்ன சொல்கிறது? இயேசு *அவர்கள்* விசுவாசத்தைக் கண்டார். படுக்கையில் கிடந்தவன் அதுவரை வாயே திறக்கவில்லை. அவனுக்காக நம்புகிற வேலையை நான்கு பேர் எடுத்துக்கொண்டார்கள். கூடவே பாயின் நான்கு முனையையும்.

இனி மருந்து. மனநோய்க்கும் வலிப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரையைச் "சுகம் கிடைத்துவிட்டது" என்று அறிக்கையிட்டுத் திடீரென்று நிறுத்துவதால் வருகிற விபரீதங்கள் வார்டில் வேலை செய்கிற எந்தத் தாதிக்கும் தெரியும். சுகம் கிடைத்தது உண்மையானால் மருத்துவர் பரிசோதிக்கும்போதும் தெரியும். மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார், அதுவரை பொறுக்கலாம். கத்தோலிக்க வேதத்தில் இருக்கிற சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம், நோயில் ஆண்டவரிடம் மன்றாடு, பிறகு மருத்துவருக்கும் இடம் கொடு, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது. அந்த ஆகமத்தை ஏற்காத சபைகளுக்கும் சுவிசேஷம் எழுதிய லூக்கா வைத்தியர் என்பது தெரிந்ததே. பவுல் தன் மாம்சத்தில் இருக்கிற முள் என்று சொன்ன உபாதையோ மூன்று தரம் வேண்டியும் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. நம் சாட்சி நேரத்தில் சுகமானவர்களை மட்டும் மேடை ஏற்றுகிறோம். முள்ளோடு இருபது வருடம் நடக்கிறவருக்கும் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் என்ன?

கத்தோலிக்க வீடுகளுக்கு ஒரு வார்த்தை. நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்குக்கு "அவஸ்தைப்பூசுதல்" என்ற பழைய பெயர் போய் "நோயில்பூசுதல்" என்று ஆகி அரை நூற்றாண்டு ஆகிறது. இன்னும் நம் ஆட்கள் பங்குத்தந்தையைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார் என்று கடைசி மூச்சு வரை தள்ளிப்போடுகிறார்கள். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பே கேட்கலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நோயாளிக்கு நினைவிருந்து, தானும் சேர்ந்து பதில் சொல்லும்போதுதான் அதன் ஆறுதல் முழுதாகக் கிடைக்கும். புராட்டஸ்டண்டு சபைகளிலும் யாக்கோபு 5:14-இன்படி மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கக் கேட்கலாம். அதைக் கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம். பினாங்குப் பக்கம் ஜூலை 26-இல் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தியோடு போகிற கூட்டத்தில் மற்றச் சமயத்தாரையும் பார்க்கலாம். அங்கே போக முடிகிற கால், பக்கத்து வார்டுக்கும் போகலாம்.

கடன் என்றால் 2 இராஜாக்கள் 4. கர்த்தருக்குப் பயந்த தீர்க்கதரிசியின் மனைவி, புருஷன் செத்துவிட்டான், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்து நிற்கிறான். பக்தியுள்ளவனும் கடனோடு சாகிறான் என்பதை வேதம் மறைக்கவில்லை. எலிசா கேட்டது: "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" ஒரு குடம் எண்ணெய். அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார், அதுவும் நிறைய. அற்புதத்துக்கு முன்பே தன் நிலைமை தெருவுக்குத் தெரிந்துவிட்டது அவளுக்கு! பிறகு எண்ணெயை விற்று, முதலில் கடனை அடை, மீந்ததில் பிழைத்துக்கொள் என்றார். இன்று இதே வேலையை வங்கிக் கடனுக்கும் கடன் அட்டைக்கும் இலவசமாகச் செய்து கொடுப்பது, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம். சம்பளச் சீட்டு, கடன் கணக்குத் தாள்கள், மாதச் செலவுப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனால் அவர்களே வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றித் தருவார்கள். ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) வாங்கியதை அவர்கள் தீர்க்கமாட்டார்கள். மிரட்டல் வந்தால் காவல் நிலையம்தான். கடனில் இருப்பவனிடம் "விசுவாச விதை" என்று ஆயிரம் ரிங்கிட் காணிக்கை கேட்கிற பிரசங்கியாரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் உங்கள் பக்கம் போதாது. விதவையிடம் எலிசா ஒரு காசும் வாங்கவில்லை என்பதோடு விட்டுவிடுகிறோம்.

சந்திக்கப் போகிறவர்களுக்குத்தான் நாங்கள் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் இராப்பகல் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை பிரமாதமான நண்பர்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது. ஆகவே வார்டில் இருபது நிமிடம் போதும். நின்றுகொண்டு பேசாதீர்கள், நாற்காலி இல்லையென்றால் ஒன்று கேட்டு வாங்கி உட்காருங்கள். நின்றால் கிளம்பப் போகிறவர் என்றுதான் நோயாளிக்குத் தோன்றும். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள், இரண்டு நிமிடம், பக்கத்துப் படுக்கைக்குக் கேட்காத குரலில். ஜெபத்துக்குள் புத்திமதியைத் திணிக்காதீர்கள் ("ஆண்டவரே, இந்தச் சகோதரர் இனியாவது…"). "இது எதனால் வந்ததோ, உள்ளே ஆராய்ந்து பாருங்கள்" என்ற பேச்சு வேண்டவே வேண்டாம்.

"தாங்க முடியாத சோதனையைக் கர்த்தர் தரமாட்டார்" என்பதையும் விட்டுவிடுங்கள். அது 1 கொரிந்தியர் 10:13-இன் பேச்சுவழக்கு. அந்த அதிகாரம் விக்கிரகமும் வேசித்தனமும் இழுக்கிற சோதனையைப் பற்றியது. புற்றுநோயைப் பற்றியது இல்லை. அதே பவுல் அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும்படி எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது என்று ஒத்துக்கொண்டு, நீங்களும் ஜெபத்தினால் உதவுங்கள் என்கிறார். தாங்க முடியாததும் வரும். வந்ததால்தான் அடுத்தவரைக் கேட்கிறார்.

பழக்கூடை எடுத்துப் போகிற வழக்கம் வேறு. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்கிறவருக்கு வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் எல்லாம் பொட்டாசியம் கூடியவை. அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகும். பெலிம்பிங் என்று நாம் சந்தையில் வாங்குகிற நட்சத்திரப் பழம் சிறுநீரகம் கெட்டவருக்கு நேரான விஷம். தீராத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு வரை போகும். தண்ணீருக்கும் அவர்களுக்கு அளவு உண்டு, "நல்லாக் குடிங்க" என்று உபசரிக்காதீர்கள். பழத்துக்குப் பதில், டயாலிசிஸ் நாளில் போய்வரும் கிராப் வாடகைக் கார் செலவை ஏற்றுக்கொள்ளலாம். கீமோ நடக்கிறவர் வீட்டுக்குச் சளிக்காய்ச்சலோடு போவது அன்பு ஆகாது.

சாவு வீடு வேறு விதம். முதல் மூன்று நாள் கூட்டம் தாங்காது, சோறு மிஞ்சும். எட்டாம் நாளோ முப்பதாம் நாளோ ஜெபம் முடிந்து வாடகை நாற்காலியைத் திருப்பி ஏற்றியதும் வாசல் வெறிச்சென்று ஆகிவிடும். அந்த வீட்டுக்கு ஆள் வேண்டியது அதற்குப் பிறகுதான். ஆகவே எட்டு வீடுகளைச் சேர்த்து ஒரு பட்டியல் போடுங்கள். வாரத்துக்கு இரண்டு சாப்பாடு, நான்கு வாரம். வீட்டுக்கு ஒரு சாப்பாடுதான் வரும், யாருக்கும் பாரமில்லை. செவ்வாயும் வெள்ளியும் என்று நாளை முடிவு செய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்றால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பாத்திரத்தில் கொடுங்கள்; துக்கத்தில் இருக்கும் பெண் யார் வீட்டு டிபன் கேரியர் எது என்று தேடிக்கொண்டு இருக்கக் கூடாது. பணம் கொடுப்பதானால் கடனாகக் கொடுக்காதீர்கள். இரண்டு பேர் போய் உறையில் கொடுத்துவிட்டு வாருங்கள், சபையில் அறிவிக்க வேண்டாம்.

ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் நடக்கிற வம்பையும் சொல்லிவிட வேண்டும். "சகோதரிக்காக ஜெபியுங்கள், கர்ப்பப்பையில் கட்டி, புருஷன் வேறு…" என்று முந்நூறு பேர் குழுவில் போடுவது ஜெபம் ஆகாது. என்ன போடலாம், யாருக்குப் போடலாம் என்று நோயாளியிடம் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையை மட்டும் போட வேண்டும்.

கடைசியாக, உயிரை விடவேண்டும் என்று பேசுகிறவர்கள். மோசேயும் எலியாவும் யோனாவும் சாவைக் கேட்டார்கள், கேட்டதற்காக ஒருவரும் தள்ளப்படவில்லை. இந்த ஜனங்களைத் தனியாகத் தாங்க முடியவில்லை, என்னைக் கொன்றுபோடும் என்று மோசே சொன்னபோது, எண்ணாகமம் 11-இல் அவருக்குக் கிடைத்த பதில் எழுபது மூப்பர்கள். பாரத்தைப் பங்குபோட ஆள் கொடுக்கப்பட்டது. ஆகவே இப்படி ஒருவர் பேசினால் "பாவம், அப்படிச் சொல்லாதே" என்று வாயடைக்காதீர்கள். எப்படிச் செய்ய நினைத்தீர்கள், கையில் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்தையோ மாத்திரைப் பட்டையையோ அப்புறப்படுத்துங்கள், அன்றிரவு தனியே விடாதீர்கள், அவசரமென்றால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் வழக்கு வரும் என்று பல குடும்பங்கள் இன்னும் பயந்து வீட்டிலேயே மறைக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவரை அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போகலாம். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். உள்ளே போகும்போது கூட ஒருவர் போங்கள், ஏனென்றால் "ஒன்றுமில்லை டாக்டர்" என்றுதான் அவர் சொல்வார்.

ஆசிரியர் அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் சின்னது. ஞாயிற்றுப் பதிப்பின் ஆன்மிகப் பக்கத்தில் அடுத்த முறை பிலிப்பியர் 4:13 வரும்போது 14-ஐயும் சேர்த்து அச்சிடுங்கள். அதற்கு அடியில் இரண்டு அங்குல இடம் விட்டு, மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கிற, இரவும் பகலும் எடுக்கிற பிஃப்ரெண்டர்ஸ் எண்ணைப் போடுங்கள்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-ஐயும் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அதைத் தேடுகிறவர் பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்கு, மூக்குக்கண்ணாடி இல்லாமல்தான் தேடுவார்.

இப்படிக்கு,
வீடும் வார்டும் சந்திக்கும் ஊழியர்கள் சிலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.